அக்கினிராணியின் தம்பி

நான் ஒரு காலத்தில் மந்திரவாதியாக இருந்தேன். எலுமிச்சம்பழம் நறுக்கி ஊரை ஏமாற்றுகிற மந்திரவாதி இல்லை. கையை நீட்டினால் நெருப்பு வரும். என்னைக் கண்டால் பூதங்கள் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, சாயங்காலம் மாவு ஆட்ட உட்காரும் வரைக்கும்தான் இந்த அதிகாரமெல்லாம். மற்ற நேரத்தில் வாசலில் தபால்காரர் வந்து நின்றால், கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "வீட்ல யாரும் இல்லை" என்று சொல்கிற ஆள் நான். (யாரும் இல்லாத வீட்டில் அதைச் சொல்வது யார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நல்ல மனுஷர்.)

எழுபதுகளின் கடைசி அது. கிழக்குத் தாம்பரத்தில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பா, அண்ணன் சாலமன், அப்பாவின் அக்கா ஞானம் அத்தை, நான். அம்மா போனபிறகு அடுப்படி என் கைக்கு வந்துவிட்டதால் அஞ்சாவதோடு என் படிப்பு நின்றது. அண்ணன் ஒரு காலேஜில் லேப் அட்டெண்டர். அந்தக் காலேஜுக்கு அமெரிக்காவிலிருந்து படிக்க வந்த ஒருத்தர் ஹாஸ்டலில் புது மாதிரி ஒரு விளையாட்டு ஆடினாராம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளாளுக்கு மனசிலிருந்து ஒரு வீரனை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அவனுக்குப் பேர், குணம், பலம், பலவீனம் எல்லாம் நாமே வைக்க வேண்டும். ஒருத்தர் கதை சொல்லுவார். "உன் எதிரே பூதம் நிக்குது, என்ன செய்யப் போறே?" என்று கேட்பார். செய்யப்போவதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும்.

அண்ணன் இதை ஜன்னல் பக்கம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். பார்த்தது பாதி, மீதி அவன் சொந்தச் சரக்கு.

பகடைக்கு எங்கே போவது? அத்தையின் பித்தளைத் தாயக்கட்டை இருந்தது. கேட்டபோது அத்தை ரெண்டு நிபந்தனை போட்டாள். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் ஆட்டம் தொடங்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து காலத்தில் மந்திரம் கூடாது. (அதனால் லெந்து காலம் முழுக்க எங்கள் மந்திரவாதிகள் காட்டில் கீரை தின்றுகொண்டு, வழி தவறிய ஆடுகளைத் தேடிக்கொண்டு திரிந்தார்கள். உலகத்தில் வேறெங்கும் மந்திரவாதிகள் இப்படி உபவாசம் இருந்திருக்க மாட்டார்கள்.)

ஆட வந்தது மூன்று பேர். நான், பக்கத்து வீட்டு லில்லி, அண்ணனின் சிநேகிதர் தேவராஜ். ஒருத்தராவது வாள்வீரனாக இருக்க வேண்டும் என்று அண்ணன் கெஞ்சினான்.

"மந்திரவாதிக்கு உடம்புல உசுரே கம்மிடா. பூனை பிறாண்டினாலே விழுந்துடுவான். முன்னாடி நின்னு அடி வாங்க ஒருத்தன் வேணாமா?"

ஒருத்தரும் கேட்கவில்லை. மூன்று பேரும் மந்திரவாதிதான். லில்லியின் மந்திரவாதி பவளமோகினி. அவள் குகைக்குள் போகுமுன் என்ன புடவை கட்டியிருக்கிறாள் என்பதைச் சொல்லவே பாதி மத்தியானம் போய்விடும். என்னுடையவள் அக்கினிராணி. யாருக்கும் பயப்பட மாட்டாள், எதிர்த்துப் பேசுவாள், மன்னிப்பே கேட்க மாட்டாள். அண்ணன் "குணம் சொல்லு" என்று கேட்டபோது, எனக்கு இல்லாததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவ்வளவுதான், ராணி ரெடி.

தேவராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் அனகாபுத்தூர். வீட்டில் தறி. இவர் மட்டும் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். சைக்கிளில் வருவார். வந்து ஸ்டாண்டு போடுவதற்குள் பேச ஆரம்பிப்பார், திரும்பச் சைக்கிள் ஏறும்வரை நிறுத்த மாட்டார். அப்பேர்ப்பட்டவர் உண்டாக்கிய மந்திரவாதி யார் தெரியுமா? முகிலரசன். சரியான பயந்தாங்கொள்ளி. அவனுக்குத் தெரிந்தது புகை கிளப்புகிற மந்திரம் ஒன்றுதான், அதுவும் கிளப்பிவிட்டு அவனே இருமுவான். கோழியைக் கண்டால் நடுங்குவான்.

தெருமுனையில் அந்தச் சைக்கிள் மணி கேட்டாலே நான் கையில் இருக்கிற கரண்டியோடு ஜன்னலுக்கு ஓடுவேன். ஆனால் நேரில் நான் அவரிடம் பேசிய ஒரே வாக்கியம் "அண்ணன் உள்ளே இருக்காங்க" என்பதுதான். அதையும் தரையைப் பார்த்துத்தான் சொல்லுவேன். என் குரல் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு அக்கினிராணி மூலமாகத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன், "ஒவ்வொருத்தருக்கும் இன்னொருத்தரோட ஏதாவது உறவு இருக்கணும். இல்லன்னா மூணு பேரும் சேர்ந்து ஏன் காட்டுக்குப் போறீங்க?" என்றான். லில்லி உடனே, பவளமோகினி அக்கினிராணியின் பள்ளித் தோழி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள். அடுத்து அண்ணன், "அக்கினிராணிக்கு முகிலரசன் என்ன வேணும்?" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். கல்யாணமாகாத பெண், எதிரே சொந்த அண்ணன், கட்டிலில் அத்தை. வாய்க்கு வந்த முதல் பத்திரமான வார்த்தையைச் சொன்னேன்.

"தம்பி."

அவர் முகம் லேசாகச் சுருங்கினமாதிரி இருந்தது. தூங்குவதாக நடித்துக்கொண்டிருந்த அத்தை, கண்ணைத் திறக்காமலே, "கூடப் பிறக்காதவனைத் தம்பின்னு வாயால சொன்னாப் போதுமா? தண்ணி தொட்டுச் சொல்லச் சொல்லு" என்றாள். சொம்புத் தண்ணீரில் விரலைத் தோய்த்து ரெண்டு பேரும் சத்தியம் செய்தோம். எங்கள் வீட்டில் சத்தியம் என்றால் சத்தியம்தான். அது ராணி பண்ணினதா நான் பண்ணினதா என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் அக்காவும் தம்பியும் பண்ணிய அட்டகாசம் கொஞ்சமில்லை. அடி பட்டால் கட்டை உருட்ட வேண்டும். ரெண்டு விழுந்தால் மயக்கம். மயங்கினவனைக் கூட இருப்பவர்கள் உடனே எழுப்பாவிட்டால் சாவு. இது அண்ணன் வைத்த சட்டம். முகிலரசனுக்கோ வாரா வாரம் ரெண்டுதான் விழும். வாரா வாரம் அவன் மயங்குவான். நான் உடனே கையை நீட்டி, "எழுந்திரு முகிலரசா! அக்கா வந்துட்டேன்!" என்று கத்துவேன். பழக்கத்தில் அது எனக்குத் தும்மல் மாதிரி ஆகிவிட்டது.

"டேய் தம்பி, முந்தானையை விடுடா. பூதம் அங்கே நிக்குது, இங்கே என்ன ஒளியறே?" என்பாள் அக்கினிராணி.

"அக்கா, பூதம்கூடப் பரவால்ல. பக்கத்துல ஒரு கோழி என்னையே பாக்குது" என்பார் அவர்.

ஆட்டம் முடிந்ததும் நான் தரையைப் பார்த்துக்கொண்டு மாவாட்டப் போய்விடுவேன்.

இதில் எங்கள் எல்லோரையும்விட ஆழமாக மூழ்கியது ஞானம் அத்தைதான். புதன்கிழமை அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள், திடீரென்று, "அந்தப் புள்ளைக்கு இருமல் நின்னுச்சா?" என்பாள்.

"எந்தப் புள்ளைக்கு அத்தை?"

"முகிலரசனுக்குத்தான். பாவம், தாயில்லாப் பிள்ளை."

இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது ஒருநாள் அண்ணன் அப்பாவிடம் வந்து, தேவராஜ் வீட்டில் பெண் கேட்டு வருகிறார்கள் என்றான். பெண் நான்தான். அதைக் கேட்டு நான் கிணற்றடியில் வாளியை உள்ளே விட்டுவிட்டேன், கயிற்றோடு. அவர்களாகக் கேட்டது இல்லையாம். அவர்தான் தன் அம்மாவிடம் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கினாராம். எனக்கோ வேண்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டும் என்பது முகத்தில் தெரிந்துவிடுமோ என்று வெளியே வரவும் முடியவில்லை. அந்த வாரம் முழுக்க அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் எனக்கென்று நான் ஆசைப்பட்ட ஒரே விஷயம் அது. கெடாமல் இருக்க வேண்டுமே என்று ராவும் பகலும் ஜெபம்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். அவருடைய அம்மா ரோசம்மா, அப்பா, அவர். ரோசம்மா நல்ல உயரம், கையில் தாழம்பூ நிறத்தில் ஒரு குடை. பூவும் பழமும் வைத்தார்கள். அப்பா ஜெபம் பண்ணினார். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. நான் காபித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். பின்னாலேயே, விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள, லில்லி.

"பொண்ணு லட்சணமாத்தான் கீது" என்றார் ரோசம்மா. "வாயத் தொறக்க மாட்டேங்குதே, இன்னா?"

"கூச்ச சுபாவம்ங்க" என்றார் அப்பா. "அதிர்ந்து பேசாது."

"அதுவும் நல்லதுக்குத்தான். எங்க வூட்டுல பேசறதுக்கு நானே போதும். அப்ப முடிச்சிரலாமா?"

அப்பா வாயைத் திறக்குமுன், மூலையில் உட்கார்ந்திருந்த ஞானம் அத்தை எழுந்தாள்.

"அதெப்படி முடிக்கறது? ரெண்டு பேரும் அக்கா தம்பியாச்சே!"

லில்லி என் ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"இன்னாது?" என்றார் ரோசம்மா.

"உங்க பையன் இவளுக்குத் தம்பி முறை. எனக்கு நல்லாத் தெரியும். மனசு கேக்கல, சொல்லிட்டேன்."

ரோசம்மா மெல்ல, மிக மெல்ல, தன் புருஷன் பக்கம் திரும்பினார். அந்த மனுஷர் அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் காபித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா இது?"

"எனக்கு இன்னாடி தெரியும்?"

"தாம்பரத்துல உனக்கு இன்னா வேல?"

"அய்யோ, எப்பவோ ஒரு வாட்டி நூல் வாங்க வந்தேன்டி!"

"எப்போ? எந்த வருசம்?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிப்பியா! யோசிக்கறதுக்கு இன்னா கீது அதுல?"

எங்கள் அப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் எந்தப் பக்கம் போகிறது என்று உறைத்தது. "அம்மா! என் சம்சாரம் கோயிலும் வீடுமா இருந்தவ!" என்று எழுந்தார்.

அண்ணன் நடுவில் புகுந்து, "ஐயோ, விளையாட்டுங்க! வெறும் விளையாட்டு!" என்றான்.

"இன்னா விளையாட்டு?"

அங்கே அவன் நிறுத்தியிருக்கலாம். "மந்திரவாதி விளையாட்டு" என்றான்.

"மந்திரமா! வேதக்காரங்க வூட்டுலயா! எந்திரிய்யா. டேய் தேவராஜு, நட. நம்ம வூட்டுக்கு இந்தச் சம்பந்தம் தோதுப்படாது."

"ஜெபம் பண்ணிட்டுத்தான் ஆடுவோம்" என்றாள் அத்தை, ரோஷமாக. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

நான் அவரைப் பார்த்தேன். சைக்கிள் ஏறும்வரை வாய் மூடாத மனுஷர், அம்மா எதிரே தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றார். முகிலரசன் எங்கிருந்து வந்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ரோசம்மா குடையை எடுத்து வாசல்படி வரை போய்விட்டார். தூணோடு நின்றவர் என் பக்கம் லேசாகச் சாய்ந்து, உதடு அசையாமல், "அக்கினிராணி, ஏதாவது பண்ணேன்" என்றார்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும்.

"நில்லுங்கள்!" என்று ஒரு குரல். "என் உத்தரவு இல்லாமல் இந்தக் குகையை விட்டு ஒருவரும் வெளியேறக் கூடாது!"

குரல் என்னுடையது. கை நீண்டிருந்ததும் என்னுடையதுதான். அந்தக் கையில் காபித் தட்டு இருந்ததை ராணி மறந்துவிட்டாள். டம்ளர்கள் எல்லாம் வரிசையாகப் பறந்து வருங்கால மாமனாரின் வேட்டியில் இறங்கின. அவர் அப்படியே பின்னால் போய் அரிசி டின் மேல் உட்கார்ந்தார். அப்பா உட்கார்ந்தார். வாசல்படியிலேயே ரோசம்மாவும் உட்கார்ந்துவிட்டார், குடையை மடியில் வைத்துக்கொண்டு.

எல்லோரும் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள். மேற்கொண்டு என்ன சொல்வது? அக்கினிராணி என்னை நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டு எங்கேயோ போய்விட்டாள். காலித் தட்டோடு கையை நீட்டியபடி நான் நின்றேன். மடக்கினால் அழுதுவிடுவேன் போல இருந்தது.

"இந்தப் பொண்ணா அதிர்ந்து பேசாதுன்னீங்க?" என்றார் ரோசம்மா.

நல்லவேளை, அத்தை அப்போதுதான் காரியத்துக்கு வந்தாள். "சாலமா, சத்தியத்தை முறிக்க உன் ஆட்டத்துல வழி உண்டா, இல்லையா?"

அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டுல ஒரு ஆள் செத்தா முறியும்."

"யார் சாகணும்?" என்றார் ரோசம்மா.

"முகிலரசன்."

"அவன் யாரு?"

"உங்க பையன்தாங்க."

குடை உயர்ந்தது. அப்புறம் அண்ணன் கும்பிட்டுக் கும்பிட்டு விளக்கினான். அமெரிக்காக்காரர், காடு, கோழி, தண்ணீர் தொட்ட சத்தியம் எல்லாம். கேட்டு முடித்த ரோசம்மா, புருஷனைப் பார்த்து, "நூல் வாங்கத்தான் வந்தியா அப்ப?" என்றார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சரி, சீக்கிரம் சாவடிங்க. கடைசி பஸ்ஸு போயிடும்."

"அவன் செத்துட்டான்னு நானே சொல்லிடறேனே" என்றான் அண்ணன்.

"நீ சொன்னாச் செல்லாது. கட்டை சொல்லணும்" என்றாள் அத்தை. இடுப்பிலிருந்து தாயக்கட்டை வந்தது. அவள் கண்ணில் தண்ணீர்.

முகிலரசன் தானாகப் போய் ஒரு கோழியின் வாலைப் பிடித்து இழுத்தான். அவர் கட்டையை உருட்டினார். தாயம். கோழி பயந்து ஓடியது. பாம்புப் புற்றில் கையை விட்டான். அஞ்சு. பாம்பு வீட்டில் இல்லை. மலையிலிருந்து குதித்தான். பன்னிரண்டு. கீழே வைக்கோல் போர். வாரா வாரம் சும்மா இருந்தாலே சாகக் கிடக்கிறவன், சாகவேண்டிய அன்றைக்குச் சாக மாட்டேன் என்கிறான்.

"கிணத்துல தள்ளிப் பாருங்களேன்" என்றார் அரிசி டின் மேலிருந்து மாமனார். அதுதான் அவர் அன்று சொந்தமாகச் சொன்ன முதல் யோசனை. அதற்குள் ரோசம்மா படியிலிருந்து எழுந்து வந்து தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

கிணற்றில் தள்ளினோம். கட்டை உருண்டது.

ரெண்டு.

மயக்கம். இனி நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சும்மா இருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே வித்தை அது. அதைச் செய்தால் போதும், கல்யாணம்.

"எழுந்திரு முகிலரசா! அக்கா வந்துட்டேன்!"

"அடிப்பாவி!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் சுவரில் முட்டிக்கொண்டான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தீர்ந்தது. ஆசைப்பட்ட மனுஷரை எல்லோர் எதிரிலும் மறுபடியும் தம்பி ஆக்கியாயிற்று.

ரோசம்மா என் முந்தானையை விலக்கி முகத்தைப் பார்த்தார். அப்புறம் எங்கள் அப்பாவிடம், "பொய்யாக்கூட எம்புள்ள சாவறத இந்தப் பொண்ணால பாக்க முடியல. எனக்கு இது போதும்யா" என்றார்.

"போதும்னா எப்படி? உறவு இன்னும் அறுபடல" என்றாள் அத்தை.

"அறுத்துரலாம். கட்டைய இப்படிக் குடு. பெத்தவ நான், நானே முடிக்கிறேன். ஏம்மா லில்லி, அந்தப் பொண்ணு வாயப் பொத்து."

லில்லி ரெண்டு கையாலும் என் வாயைப் பொத்தினாள். ரோசம்மா கட்டையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, உருட்டிவிட்டார். பித்தளை சிமெண்டுத் தரையில் சலசலவென்று ஓடி நின்றது. ரெண்டு. லில்லியின் விரல் இடுக்கில் நான் "ழுந்திரு" வரைக்கும் வந்துவிட்டேன். அதற்குமேல் அவள் விடவில்லை.

"செத்துட்டான்" என்றான் அண்ணன்.

எல்லோரும் ஒரு நிமிஷம் தலை குனிந்திருந்தோம். "பாவம்யா. நல்ல புள்ள" என்று ரோசம்மா மூக்கைச் சிந்தினார். யாரென்றே தெரியாத முகிலரசனுக்காக. அதற்கப்புறம் பேசியது மாமனார்தான்.

"இப்பவாவது ஒரு வாய் காபி கிடைக்குமா?"

கல்யாணத்துக்கு முன் கோயிலில், வழக்கப்படி, கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்தார்கள். இந்த இருவரும் சேர ஏதாவது தடை இருப்பது தெரிந்தால் சொல்லலாம் என்று சபை ஐயர் கேட்டதும், எங்கள் குடும்பம் மொத்தமும் திரும்பி ஞானம் அத்தையைப் பார்த்தது. அத்தைக்கு அது பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "இல்லீங்க ஐயரே, அது செத்துப்போச்சு" என்றாள். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எது?" என்றார். அதற்குப் பதில் சொல்லி முடிக்க ஒருவாரம் ஆயிற்று.

மாமியார் எனக்குத் தாயாக இருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், "எம்புள்ளயக் கொன்னுட்டுத்தான் இவளக் கூட்டியாந்தேன்" என்று பெருமையாகச் சொல்லுவார். வந்தவர்கள் முழிப்பதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்தில் ஐயர் அந்தக் கேள்வியைக் கேட்டாலும், எங்கள் வரிசையில் ஒருத்தராவது "செத்துப்போச்சு" என்று முணுமுணுக்காமல் இருப்பதில்லை.

இப்போது மேடவாக்கத்தில் மகனோடு இருக்கிறோம். கூச்சம் என்னை விட்டுப் போகவில்லை. தண்ணீர் லாரி வராத நாளில் மட்டும் அவர் என் கையில் போனைக் கொடுத்து, "ராணி, நீ பேசு" என்பார். அரைமணியில் லாரி வந்துவிடும்.

போன மாதம் பேத்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாருடனோ காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். திரையில் நீலச் சட்டை போட்ட ஒரு மந்திரவாதி. "நானே பண்ணினது பாட்டி" என்றாள். பக்கத்தில் இன்னொரு மந்திரவாதி இருமிக்கொண்டு நின்றான். அவன் கூடுவாஞ்சேரியில் இருக்கிற ஒரு பையனாம். ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுகிறார்களாம்.

"அவன் உனக்கு என்ன வேணும்?" என்றேன்.

"இனிமேதான் கதை எழுதணும். தம்பின்னு போட்டுடலாமான்னு..." என்று சொல்லும்போதே அவள் காது சிவந்துவிட்டது.

நான் அவள் கையைப் பிடித்தேன். எனக்கு முன்னால் ஹாலிலிருந்து அவர் குரல் வந்துவிட்டது.

"தம்பின்னு போட்டுடாதம்மா! கொல்றதுக்கு இப்ப எங்கம்மா இல்ல!"